'ரன்' என்றால் வெறும் ஓட்டம்தானா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலம் கற்பவர்களும் மொழிபெயர்ப்பில் இறங்கியவர்களும் என்னிடம் கொண்டுவரும் சந்தேகங்களில் கடினமான சொற்கள் குறைவு. எல்லோருக்கும் தெரிந்த சின்னச் சொற்கள்தான் படுத்துகின்றன. அவற்றில் முதலிடம் 'ரன்' என்ற மூன்றெழுத்துச் சொல்லுக்கு. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். வாய்விட்டுப் படித்தால் பிடிபட்டுவிடும்.

'ரன்'னா 'ஓடு'ன்னுதானே ஒண்ணாங்கிளாஸ்ல சொல்லிக் கொடுத்தாங்க? அப்புறம் ஏன் அகராதியில பக்கம் பக்கமா போட்டிருக்காங்க?

சொல்லிக்கொடுத்தது தப்பில்லை, அது முதல் படி. காலால் வேகமாகப் போவது அடிப்படைப் பொருள். அங்கிருந்து தண்ணீர் ஓடுவது, இயந்திரம் ஓடுவது, நேரம் ஓடுவது, ஒரு நிறுவனத்தை நடத்துவது, தேர்தலில் போட்டியிடுவது என்று சொல் கிளைவிட்டுக்கொண்டே போகிறது. ஒவ்வொரு கிளையும் அதற்கு முந்தையதிலிருந்து அரை அடிதான் தள்ளி நிற்கும். முதல் பொருளையும் கடைசிப் பொருளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் சம்பந்தமே இல்லாதது போலத் தோன்றும்.

இது ஆங்கிலத்துக்கு மட்டும் வந்த வினோதம் என்று நினைக்க வேண்டாம். ஆறு ஓடுகிறது, படம் ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, கடை ஓடுகிறது, மனதில் ஏதோ ஓடுகிறது என்று நாமும் தினமும் பேசுகிறோம். இவற்றில் எதற்கும் கால் இல்லை. தாய்மொழி என்பதால் நம் கண்ணில் படுவதில்லை.

சரி, மொத்தம் எத்தனை அர்த்தம்தான் இருக்கு? ஒருத்தர் நூறுங்கறார், இன்னொருத்தர் அறுநூறுங்கறார்.

எந்த அகராதியைத் திறக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மாணவர் அகராதிகள் சில டஜன் பொருள்களோடு நிறுத்திவிடும். அறுநூறு என்று சொன்னவர் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலப் பேரகராதியைச் சொல்கிறார். 2011-இல் அதன் ஆசிரியர் குழு 'ரன்' என்ற வினைச்சொல்லுக்கு மட்டும் 645 பொருள்களைப் பிரித்துக் காட்டியது. அந்தப் பதிவைத் திருத்தி எழுதிய பீட்டர் கில்லிவர் அதற்கு ஒன்பது மாதங்கள் செலவிட்டார். பெயர்ச்சொல்லாக வரும் 'ரன்' இந்தக் கணக்கில் சேராது.

அதற்கு முன்பு நெடுநாள் மகுடம் 'செட்' என்ற சொல்லிடம் இருந்தது. 1989-இல் 20 தொகுதிகளாக வந்த இரண்டாம் பதிப்பில் மிக நீளமான பதிவு அதுதான். ஏறத்தாழ 60,000 சொற்கள், அதாவது ஒரு சிறிய நாவல் அளவு. திருத்தப் பணி தொடங்கிய பிறகு 2000-இல் 'மேக்', 2007-இல் 'புட்', 2011-இல் 'ரன்' என்று முதலிடம் கைமாறியது. நான்குமே குழந்தைகள்கூடப் பேசும் சொற்கள் என்பதைக் கவனியுங்கள். அதிகம் புழங்கும் சொல்தான் அதிகம் கிளைக்கும்.

இந்த எண்ணை வேதவாக்காக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். ஆறு ஓடுவதும் கண்ணீர் ஓடுவதும் ஒரே பொருளா, இரண்டா? ஒரு ஆசிரியர் ஒன்றாகச் சேர்ப்பார், இன்னொருவர் பிரிப்பார். வழக்கொழிந்த பொருள்களும், மாலுமி, தச்சர் போன்ற தொழில்காரர்கள் மட்டும் சொல்வதும்கூடப் பேரகராதியில் இடம்பெறும்.

இத்தனையையும் மனப்பாடம் பண்ணினாத்தான் இங்கிலீஷ் வருமா?

வேண்டவே வேண்டாம். ஆங்கிலேயர் யாரும் அப்படிப் படித்ததில்லை. சொல்லின் பக்கத்தில் என்ன நிற்கிறது என்று பார்க்கும் பழக்கம் வந்தால் போதும். இதைத் தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் அழகாகச் சொல்லி வைத்திருக்கிறார்: பல பொருள் தரும் ஒரு சொல், அதோடு சேரும் வினையாலோ, இனத்தாலோ, சார்பாலோ தன் பொருளைத் தெளிவாகக் காட்டிவிடும்.

உரையாசிரியர்கள் இதற்கு எடுத்த எடுத்துக்காட்டு 'மா'. அது மரம், குதிரை என்று பல பொருள் தரும். 'மா பூத்தது' என்றால் பூத்தல் என்ற வினை மரம் என்று காட்டிக்கொடுக்கிறது. 'மாவும் மருதும் ஓங்கின' என்றால் பக்கத்தில் நிற்கும் மருதமரம் காட்டிக்கொடுக்கிறது, அது இனம். கவசம் அணிந்து நிற்கும் வீரன் 'மா கொண்டுவா' என்றால் அவன் கேட்பது குதிரை, அது சார்பு. ஆங்கிலச் சொல்லுக்கும் இந்த மூன்று சாவிகளே போதும் என்பது என் கட்சி.

'ரன்'னே வினைச்சொல்தானே. அதுக்கு இன்னொரு வினையை எங்க போய்த் தேடறது?

நல்ல கேள்வி. 'மா' பெயர்ச்சொல் என்பதால் வினை உதவியது. 'ரன்' வினை என்பதால் நீங்கள் பார்க்க வேண்டியது எழுவாயையும் செயப்படுபொருளையும். யார் அல்லது எது 'ரன்' செய்கிறது? எதை?

'தி பாய் ரன்ஸ்' என்றால் எழுவாய் சிறுவன், ஆகவே காலால் ஓடுகிறான். 'தி டேப் இஸ் ரன்னிங்' என்றால் எழுவாய் குழாய், ஆகவே தண்ணீர் கொட்டுகிறது. 'தி பஸ் ரன்ஸ் எவ்ரி அவர்' என்றால் மணிக்கொரு பேருந்து உண்டு. 'தி ரோட் ரன்ஸ் நார்த்' என்பதில் எதுவுமே அசையவில்லை. சாலை வடக்கே போகிறது, அவ்வளவுதான். தமிழிலும் சாலை 'போகத்தான்' செய்கிறது. 'தி லீஸ் ரன்ஸ் ஃபார் த்ரீ இயர்ஸ்' என்றால் குத்தகை மூன்றாண்டு அமலில் இருக்கும்.

அடுத்து செயப்படுபொருள். 'ரன் எ ஷாப்' கடை நடத்து. 'ரன் எ டெஸ்ட்' பரிசோதனை செய். 'ரன் எ ஸ்டோரி' செய்தி வெளியிடு. 'ரன் எ பாத்' குளியல் தொட்டியில் தண்ணீர் நிரப்பு. 'ரன் எ டெம்பரேச்சர்' என்றால் காய்ச்சல் அடிக்கிறது என்று பொருள். 'ரன் எ ரிஸ்க்' என்றால் ஆபத்துக்கு இடம் கொடுக்கிறோம். இந்த இணைகளை ஒட்டு மொத்தமாக நினைவில் வையுங்கள். 'ரன்' தனியே, 'பாத்' தனியே என்று பிரித்துப் படித்தால் குளியல் ஓடும்!

'ஷி ரன்ஸ் எ ஸ்கூல்'ங்கறாங்க. பள்ளிக்கூடத்தை எப்படிங்க ஓட்ட முடியும்?

தமிழில் தன்வினை, பிறவினை என்று இரண்டு உண்டு. தானே செய்தால் 'ஓடு', பிறரை அல்லது பிறிதொன்றைச் செய்வித்தால் 'ஓட்டு'. வண்டி ஓடியது, வண்டியை ஓட்டினாள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'ரன்' ஒன்றே. பின்னால் செயப்படுபொருள் வந்தால் 'ஓட்டு' பக்கம், வராவிட்டால் பெரும்பாலும் 'ஓடு' பக்கம். பள்ளியை ஓடச் செய்கிறார், அதாவது நடத்துகிறார். நாமும் 'குடும்பத்தை ஓட்டுறேன்', 'இந்தச் சம்பளத்துல காலத்தை ஓட்டணும்' என்கிறோமே!

பழைய ஆங்கிலத்தில் இந்த வேறுபாடு இருந்தது. 'ரின்னன்' என்பது தானே ஓடுவது, பாய்வது. அதன் மற்றொரு வடிவம் 'இர்னன்'. நம் 'தசை', 'சதை' ஆன மாதிரி எழுத்து இடம் மாறிய கதை அது. ஓடச் செய்வதற்கு 'ஏர்னன்' என்று வேறொரு வினை இருந்தது. வடக்கிலிருந்து வந்து குடியேறியவர்களின் நார்ஸ் மொழியும் கலக்க, எல்லாம் சேர்ந்து இன்றைய 'ரன்' ஆயிற்று. உறவு மொழியான ஜெர்மனில் நீர் வழிவதற்கு 'ரின்னன்', ஆள் ஓடுவதற்கு 'ரென்னன்' என்று இன்றும் தனித்தனியாக உண்டு. ஆங்கிலத்தில் இரண்டு குடும்பம் ஒரே வீட்டுக்குள் வந்துவிட்டதால்தான் இத்தனை நெரிசல்.

'எ ரன்'னு பேர்ச்சொல்லா வந்தா என்ன பண்றது?

தமிழில் 'அடி' வினையாகவும் வரும், 'அடி விழுந்தது' என்று பெயராகவும் வரும். இலக்கணத்தில் இதை முதனிலைத் தொழிற்பெயர் என்போம். ஆங்கிலத்தில் எல்லா வினைகளும் கிட்டத்தட்ட இப்படித்தான் வேடம் மாறும். தமிழில் 'ஓட்டம்' என்று போட்டுப் பாருங்கள், பாதி இடங்களில் பொருந்திவிடும். 'ட்ரையல் ரன்' என்பதற்கு நம்மிடம் 'வெள்ளோட்டம்' என்ற அருமையான சொல் இருக்கிறது. தேருக்கு வெள்ளோட்டம் விட்ட காலத்திலிருந்து புழங்கும் சொல் இது, மென்பொருளுக்கும் தாராளமாகப் போடலாம். 'பரிசோதனை ஓட்டம்' என்று யாராவது எழுதினால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

பொருந்தாத பாதிக்கு முன்னால் நிற்கும் சொல்தான் வழிகாட்டி, மேலே சொன்ன 'இனம்' இதுதான். 'பிரின்ட் ரன்' என்றால் ஒரே தடவையில் அச்சடிக்கும் பிரதிகள். 'ஸ்கி ரன்' பனிச்சறுக்குத் தடம். 'சிக்கன் ரன்' கோழிகள் உலவக் கம்பிவலை போட்ட இடம். காலுறையில் நூல் விட்டு நீளமாகக் கிழிந்தால் அமெரிக்காவில் அதுவும் 'ரன்', பிரிட்டனில் அதற்கு 'லேடர்', அதாவது ஏணி. 'தி ரன்ஸ்' என்று பன்மையில் சொன்னால் வயிற்றுப்போக்கு. அதைச் சபையில் சொல்லாதீர்கள்.

தனியாகச் சொல்ல வேண்டியது 'பேங்க் ரன்'. வங்கி திவாலாகிவிடுமோ என்ற பயத்தில் பணம் போட்டவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் எடுக்கப் பாய்வது. எந்த வங்கியும் மொத்தப் பணத்தையும் பெட்டியில் வைத்திருக்காது, கடனாகவும் முதலீடாகவும் வெளியே விட்டிருக்கும். அதனால் வதந்தியே வங்கியைச் சாய்த்துவிடலாம். 2023 மார்ச் 9 அன்று அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியில் ஒரே நாளில் சுமார் 4,200 கோடி டாலர் எடுக்க வாடிக்கையாளர்கள் முயன்றார்கள். மறுநாளே அரசு அதை மூடியது. அங்கே யாரும் காலால் ஓடவில்லை, பெரும்பாலும் கைபேசியிலும் கணினியிலும் நடந்தது. ஆனாலும் பெயர் 'ரன்'தான்.

கிரிக்கெட்ல பந்து எல்லையைத் தாண்டினா ஆறு ரன். யாருமே ஓடலையே?

ஆமாம், ஓடாமலே ஆறு ஓட்டம். முதலில் மட்டையாளர்கள் இரு முனைகளுக்கும் இடையே ஓடி எடுத்ததுதான் 'ரன்'. பிறகு அந்தச் செயலின் பெயர் புள்ளியின் அலகுக்குப் பெயராகிவிட்டது, எல்லைக்கோட்டைத் தாண்டிய பந்துக்கும் அதே அலகில் மதிப்பு கொடுத்தார்கள். தொடக்க காலத்தில் ஸ்கோரர் ஒரு குச்சியில் கத்தியால் வெட்டுக்குறி போட்டு எண்ணியதால் அதை 'நாட்ச்' என்றும் சொன்னார்கள். பேஸ்பாலில் 'ஹோம் ரன்' என்பது வேறு கணக்கு. அடித்தவர் எல்லாத் தளங்களையும் சுற்றித் திரும்பி வந்தால்தான் அது.

'மை நோஸ் இஸ் ரன்னிங்'கறதை ஒரு ஆப் 'என் மூக்கு ஓடுகிறது'ன்னு மொழிபெயர்த்துச்சு. சிரிப்பா வருது. சரியா எப்படிச் சொல்றது?

'மூக்கு ஒழுகுது' என்றுதான். தண்ணீர்க் கிளைக்கு ஆங்கிலத்தில் ஒரே சொல், தமிழில் திரவத்துக்கும் அது போகும் விதத்துக்கும் ஏற்றபடி வேறு வேறு சொல். ஆறு ஓடும், மூக்கு ஒழுகும், கண்ணீர் வழியும், மை பரவும், துணியில் சாயம் போகும். எல்லாமே ஆங்கிலத்தில் 'ரன்ஸ்'. இந்த இடத்தில் தமிழ் பணக்கார மொழி, ஒற்றைச் சொல்லைப் போட்டு அதை ஏழையாக்க வேண்டாம்.

இன்னொன்று. 'ஐ ஹேவ் எ ரன்னிங் நோஸ்' என்று நம்மில் பலர் எழுதுகிறோம். ஆங்கில வழக்கு 'ரன்னி நோஸ்'. 'ரன்னிங்' வேண்டுமென்றால் நீங்கள் கேட்ட வாக்கியத்தில் உள்ள மாதிரி 'நோஸ் இஸ் ரன்னிங்' என்று வர வேண்டும்.

அமெரிக்கச் செய்தியில 'ரன்னிங் ஃபார் பிரசிடென்ட்'னு வருது. ஜனாதிபதிக்காக ஓடறாரா?

பதவிக்குப் போட்டியிடுகிறார். அமெரிக்கர்கள் தேர்தலை ஓட்டப்பந்தயமாகப் பார்க்கிறார்கள். பிரிட்டனில் இதற்கு 'ஸ்டாண்ட் ஃபார்' என்பார்கள், அதாவது நிற்பது. தமிழிலும் வேட்பாளர் தேர்தலில் 'நிற்கிறார்'. கூட நிற்கும் துணை அதிபர் வேட்பாளருக்கு அமெரிக்காவில் 'ரன்னிங் மேட்' என்று பெயர்.

'ரன்'னுக்கு இணைச்சொல் சொல்லுங்கன்னு பரீட்சையில கேட்டா எதை எழுதறது?

கேள்வியே அரைகுறை. எந்த 'ரன்'னுக்கு? இணைச்சொல் என்பது ஒரு பொருளுக்கு இருக்கும், சொல்லுக்கு மொத்தமாக இருக்காது. நம் நிகண்டுக்காரர்கள் இதைத் தெளிவாக உணர்ந்திருந்தார்கள். ஒரே பொருளைச் சொல்லும் பல பெயர்களை ஒரு பக்கமும், பல பொருள் தரும் ஒரு சொல்லைத் தனித் தொகுதியிலும் வைத்தார்கள். இரண்டையும் குழப்பவில்லை.

கடையென்றால் 'மேனேஜ்'. இயந்திரமென்றால் 'ஆப்பரேட்'. கணினி நிரலென்றால் 'எக்ஸிக்யூட்'. ஆறென்றால் 'ஃப்ளோ'. செய்தியென்றால் 'பப்ளிஷ்'. பதவியென்றால் 'கன்டெஸ்ட்'. சட்டவிரோதச் சரக்கென்றால் 'ஸ்மகிள்'. 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்தபோது கடல் வழியே மது கடத்தியவர்களை 'ரம் ரன்னர்' என்றார்கள், அந்த 'ரன்' இதுதான். பரீட்சையில் வாக்கியம் எதுவும் கொடுக்காமல் கேட்டால் முதல் பொருளை எடுத்துக்கொண்டு 'ரேஸ்', 'ஸ்பிரின்ட்' என்று எழுதிவிட்டு வாருங்கள். மதிப்பெண் முக்கியம்.

'ஸ்பிரின்ட்', 'ஜாக்', 'டேஷ்', 'ஃப்ளீ' எல்லாமே ஓடறதுதானே? எதை வேணும்னாலும் போடலாமா?

போட முடியாது, ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. 'ஜாக்' என்றால் மூச்சு வாங்காத சீரான வேகத்தில், பெரும்பாலும் உடற்பயிற்சிக்காக. 'ஸ்பிரின்ட்' குறைந்த தூரத்தை முழு வேகத்தில். 'டேஷ்' அவசரத்தில் ஒரே பாய்ச்சல், மழை வந்ததும் கொடியில் காயும் துணியை எடுக்க ஓடுவோமே, அது. 'போல்ட்' என்றால் மிரண்டு திடீரெனத் தெறித்து ஓடுவது, குதிரைக்கு ரொம்பப் பொருத்தம். 'ஸ்கேம்பர்' என்றால் குழந்தைகளோ அணில் போன்ற சின்ன உயிர்களோ குடுகுடுவென்று ஓடுவது.

'ஃப்ளீ' இந்த வரிசையில் சேராது. அது தப்பி ஓடுவது, ஆனால் ஓட வேண்டிய அவசியமே இல்லை. விமானத்தில் முதல் வகுப்பில் உட்கார்ந்து நாட்டை விட்டுப் போனாலும் அது 'ஃப்ளீ'தான். ஓடுவதன் விதத்தை அல்ல, காரணத்தைச் சொல்லும் சொல் அது.

இணைச்சொல் அகராதியைப் பார்த்து மாத்திப் போட்டேன். டீச்சர் சிவப்பு மையில வட்டம் போட்டுட்டாங்க. ஏன்?

என்ன போட்டீர்கள் என்று ஊகிக்க முடிகிறது. 'மை அங்கிள் ஸ்பிரின்ட்ஸ் எ ஹோட்டல்' மாதிரி ஏதாவது இருக்கும். 'எக்ஸிக்யூட்' இன்னும் ஆபத்து. நிரலை 'எக்ஸிக்யூட்' செய்தால் அது இயங்கும், மனிதரை 'எக்ஸிக்யூட்' செய்தால் அது மரண தண்டனை. மாமா ஊழியர்களை 'எக்ஸிக்யூட்' செய்வதாக எழுதினால் போலீஸ் வரும்.

இணைச்சொல் தொகுப்பு ஒரு நினைவூட்டி, சிபாரிசுக் கடிதம் அல்ல. 1852-இல் தன் புகழ்பெற்ற தொகுப்பை வெளியிட்ட பீட்டர் மார்க் ரோஜெட் ஒரு மருத்துவர். சொற்களை அகரவரிசையில் அடுக்காமல் கருத்து வாரியாக அடுக்கினார். பொருள் மனதில் இருக்கிறது, சொல்தான் நினைவுக்கு வரவில்லை என்ற ஆளுக்கு உதவுவதற்காக. அதில் ஏற்கெனவே தெரிந்த சொல்லை எடுத்தால் பலன். புதிதாகப் பார்க்கும் சொல் என்றால், அதை வேறு அகராதியில் வாக்கியத்தோடு பார்த்துவிட்டு எடுங்கள்.

'ரன் அவுட்', 'ரன் அவுட் ஆஃப்' ரெண்டும் ஒண்ணா?

தீர்ந்து போவது என்ற பொருள் ஒன்றுதான், எழுவாய் மாறும். 'தி மில்க் ரேன் அவுட்' என்றால் பால் தீர்ந்தது, எழுவாய் பால். 'வி ரேன் அவுட் ஆஃப் மில்க்' என்றால் எங்களிடம் பால் தீர்ந்துவிட்டது, எழுவாய் நாங்கள். 'வி ரேன் அவுட்' என்று நிறுத்தினால் நாங்கள் வெளியே ஓடினோம் என்றும் ஆகலாம். கிரிக்கெட்டில் ரன் அவுட் ஆவது மூன்றாவது சங்கதி. 'ரன் அவுட் ஆன் ஹிம்' என்றால் அவரைக் கைவிட்டுப் போவது. பார்த்தீர்களா, ஒரு 'ஆஃப்'புக்கும் ஒரு 'ஆன்'னுக்கும் எவ்வளவு கனம்!

இந்த மாதிரி ஒட்டு வெச்சு வர்றது இன்னும் என்னென்ன இருக்கு?

ஏராளம். அன்றாடம் தேவைப்படுவது மட்டும் இங்கே. 'ரன் இன்டு' எதிர்பாராமல் சந்திப்பது, ஆனால் பின்னால் சுவரோ மரமோ வந்தால் மோதுவது. 'ரன் அக்ராஸ்' தற்செயலாகக் கண்ணில் படுவது. 'ரன் ஓவர்' வண்டி ஏற்றிவிடுவது, கூட்டம் 'ரன் ஓவர்' ஆனால் குறித்த நேரத்தைத் தாண்டி நீள்வது. 'ரன் த்ரூ' ஒரு முறை மேலோட்டமாகப் பார்ப்பது. 'ரன் அப் எ பில்' கடன் பாக்கியை ஏற்றிக்கொண்டே போவது. 'ரன் டவுன்' ஒருவரை மட்டம் தட்டிப் பேசுவது, இடையே கோடு போட்டு 'ரன்-டவுன்' என்று கட்டடத்தைச் சொன்னால் பாழடைந்தது, ஆளைச் சொன்னால் சோர்ந்து போனவர்.

ஒரு யோசனையைச் சொல்லி அபிப்பிராயம் கேட்பதற்கு 'ரன் இட் பை ஹிம்' என்பார்கள். அலுவலக மின்னஞ்சலில் இதைப் பார்த்துத் திகைத்தவர்கள் நிறைய.

'ஐ ஹேவ் ரேன்' சரியா, 'ஐ ஹேவ் ரன்' சரியா?

'ஐ ஹேவ் ரன்'. நிகழ்காலம் 'ரன்', இறந்தகாலம் 'ரேன்', மூன்றாம் வடிவம் மறுபடி 'ரன்'. 'கம், கேம், கம்' மாதிரி.

நாம ஓடுதுன்னு சொல்ற எல்லா இடத்திலும் 'ரன்' போடலாமா? ஃபேன் ஓடுது, டிவி ஓடுது?

ஃபேனுக்கு 'ரன்னிங்' என்றால் தப்பில்லை, ஆனால் இயல்பாக 'தி ஃபேன் இஸ் ஆன்' என்பார்கள். டிவிக்கும் 'ஆன்'தான். படம் நூறு நாள் ஓடியதென்றால் 'ரேன்' சரியாகப் பொருந்தும். மனதில் ஓடுவதற்கு 'ரன்னிங் த்ரூ மை மைண்ட்' உண்டு.

'கை கால் ஓடவில்லை' என்பதை மட்டும் அப்படியே கொண்டுபோகாதீர்கள். என்ன செய்வதென்று தெரியாமல் திகைத்தேன் என்பதை ஆங்கிலத்தில் அதற்குரிய விதத்தில் சொல்ல வேண்டும். 'மை ஹேண்ட்ஸ் டிட் நாட் ரன்' என்றால் கேட்பவர் உங்கள் கையையே பார்ப்பார். கூரை ஓடு, முட்டை ஓடு எல்லாம் வேறு சொற்கள், எழுத்து மட்டும் ஒன்று. ஒரே சொல் பல பொருளாகக் கிளைப்பதும் வெவ்வேறு சொற்கள் ஒரே உருவத்தில் வந்து நிற்பதும் வேறு வேறு.

'கரண்ட்'டுக்கும் 'ரன்'னுக்கும் சம்பந்தம் இருக்கா? கேட்க ஒரே மாதிரி இருக்கே?

வேர் வேறு, கற்பனை ஒன்று. 'கரண்ட்' லத்தீனில் ஓடு என்று பொருள்படும் 'குர்ரெரே'யிலிருந்து வந்தது. தூது கொண்டு ஓடும் 'கூரியர்', திரையில் ஓடும் 'கர்சர்', கட்டடத்தில் நீளமாக ஓடும் 'காரிடார்', பாடத்திட்டமான 'கரிகுலம்' எல்லாம் அந்தக் குடும்பமே. ஆக ஆங்கிலத்தில் ஓட்டம் இரண்டு வழியாக நுழைந்திருக்கிறது, வீட்டுச் சொல்லாக 'ரன்', லத்தீன் வழி வந்த விருந்தாளிச் சொற்களாக இவை. மின்சாரப் பாய்வை நாம் 'மின்னோட்டம்' என்பதும் இதே கற்பனைதான்.

'த்ரீ டேஸ் ரன்னிங்'னு கடைசியில வருது. யார் ஓடறாங்க?

யாரும் இல்லை. 'தொடர்ந்து மூன்று நாள்' என்று பொருள். எண்ணும் காலப்பெயரும் முன்னால் வந்து 'ரன்னிங்' பின்னால் ஒட்டினால் இப்படி. 'ரன்னிங் வாட்டர்' என்று முன்னால் வந்தால் குழாயில் வரும் தண்ணீர், அல்லது ஓடும் நீர்.

'ரன் அமோக்', 'ரன் தி காண்ட்லெட்', 'ரன் ஆஃப் தி மில்' இதெல்லாம் எங்கிருந்து வந்துச்சு?

'அமோக்' மலாய்ச் சொல், வெறிபிடித்துக் கண்ணில் பட்டவரைத் தாக்குவது. இப்போது கட்டுப்பாடின்றி ஆடுவதற்கும் சொல்கிறார்கள். 'காண்ட்லெட்' ஸ்வீடிஷ் மொழியின் 'காட்லோப்' என்பதன் திரிபு. தெரு போன்ற சந்து என்றும் ஓட்டம் என்றும் பிரியும். இருபுறமும் வரிசையாக நிற்பவர்கள் அடிக்க, நடுவில் ஓடிக் கடக்கும் இராணுவத் தண்டனை அது. போர்வீரர் அணியும் கவசக் கையுறைக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர் இருப்பதால் அதோடு முடிச்சுப் போடுபவர்கள் உண்டு, அது தவறு. 'ரன் ஆஃப் தி மில்' ஆலையிலிருந்து தரம் பிரிக்காமல் வரும் சரக்கு, ஆகவே சாதாரணமானது.

மூணு சாவியும் போட்டுப் பார்த்தும் புரியாத வாக்கியம் இருக்குமா?

இருக்கும். 'ஹூ ரேன் தி மாரத்தான்?' என்று ஒருவர் கேட்கிறார். மாரத்தானில் ஓடியது யார் என்றும் கொள்ளலாம், மாரத்தானை நடத்தியது யார் என்றும் கொள்ளலாம். எழுவாயைப் பார்த்தால் மனிதர், இரண்டுக்கும் பொருந்தும். செயப்படுபொருளும் அப்படியே. மிச்சம் இருப்பது சார்பு மட்டும்: கேட்டவர் பதக்கம் கொடுக்க நிற்கிறாரா, பந்தல் வாடகை பாக்கியை வசூலிக்க நிற்கிறாரா என்று பார்க்க வேண்டும்.

எழுதுபவருக்கு அந்த வசதி இல்லை, வாசகர் பக்கத்தில் இருக்கமாட்டார். இணைச்சொல் உண்மையில் உதவுவது இங்கேதான். நடத்தியவரைக் கேட்க வேண்டுமென்றால் 'ரேன்' என்பதை எடுத்துவிட்டு 'ஆர்கனைஸ்டு' போடுங்கள். ஓடியவரைக் கேட்க வேண்டுமென்றால் 'ரேன் இன் தி மாரத்தான்' என்று ஒரு 'இன்' சேருங்கள். தமிழில் எழுதினால் இந்தச் சிக்கலே வராது, 'ஓடியது யார்', 'நடத்தியது யார்' என்று முதலிலேயே பிரிந்துவிடும். மொழிபெயர்ப்பாளர்தான் எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு எழுத வேண்டும்.